காதல் மோசடியைக் கண்டறியப் படத்தேடல் சேவைகள் எவ்வளவு உதவும்: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இணையத்தில் அறிமுகமாகி அன்பாகப் பேசத் தொடங்கிய ஒருவர் அனுப்பும் ஒளிப்படம் அவருடையதுதானா என்று அறிய விரும்புவோர் முதலில் நாடுவது, படத்தைக் கொடுத்துத் தேடும் சேவைகளைத்தான். டின்ஐ, கூகுள் லென்ஸ், பிம்ஐஸ் ஆகிய மூன்றையும், டேட்டிங் செயலிகளில் சிலருடைய பெயருக்கு அருகில் தெரியும் சரிபார்ப்புக் குறியையும், ஒருவருடைய பின்புலத்தை விசாரித்துச் சொல்வதாக விளம்பரம் செய்யும் கட்டணச் சேவை ஒன்றையும் கடந்த ஐந்து மாதங்களில் ஆராய்ந்து பார்க்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. என் அக்கா ஒரு மோசடிக்காரரிடம் சிக்கியிருந்தார் என்பதே அதற்குக் காரணம். அவருடைய ஒப்புதலைப் பெற்ற பிறகே இதை எழுதுகிறேன். தம் வீட்டார் ஒருவர் இதே வழியில் போவதைக் கண்டு செய்வதறியாமல் இருப்பவர்களுக்கு, இந்தச் சேவைகளில் எது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது தெரிய வேண்டும் என்று அக்காவும் விரும்புகிறார்.

கணவரை இழந்து நான்கு ஆண்டுகளாகத் தனியே வாழும் அக்காவுக்குச் சமூக வலைத்தளம் ஒன்றில் அறிமுகமானவர், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் பணிபுரியும் பொறியாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். இரண்டு வாரத்தில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. ஆறாவது வாரத்தில் திருமணப் பேச்சு வந்தது. ஒன்பதாவது வாரத்தில் முதன்முறையாகப் பணம் கேட்கப்பட்டது. எண்ணெய் மேடை, போர்முனை, சரக்குக் கப்பல், தொலைதூர மருத்துவ முகாம் ஆகிய பணியிடங்களை மோசடிக்காரர்கள் காரணத்தோடுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏன் நேரில் வர முடியவில்லை, ஏன் வீடியோ அழைப்பு சரியாக அமைவதில்லை, ஏன் தம்முடைய வங்கிக் கணக்கைத் தாமே கையாள முடியவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பணியிடம் ஒன்றே விடையாகிவிடுகிறது. டேட்டிங் செயலிகளின் பக்கமே போகாதவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2022ஆம் ஆண்டுக்குத் தொகுத்த புகார்களில், ஏறத்தாழ 70,000 பேர் 130 கோடி டாலரைக் காதல் மோசடிகளில் இழந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பணத்தை இழந்தவர்களில் 40 விழுக்காட்டினர் தொடர்பு சமூக வலைத்தளத்தில் தொடங்கியதாகவும், 19 விழுக்காட்டினர் மட்டுமே அது வேறு இணையதளம் அல்லது செயலி ஒன்றில் தொடங்கியதாகவும் தெரிவித்திருந்தார்கள்.

முதலில் டின்ஐயைப் பற்றிச் சொல்கிறேன். கனடாவின் டொரொன்டோ நகரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று 2008இல் தொடங்கிய இந்தச் சேவை, நாம் தரும் படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் அடையாளத்தை உருவாக்கி, தான் ஏற்கெனவே இணையத்தில் திரட்டி வைத்துள்ள படங்களின் அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. படம் வெட்டப்பட்டிருந்தாலும், அளவு மாற்றப்பட்டிருந்தாலும், நிறம் சற்றே கூட்டப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுகிறது. முகத்தை அது அடையாளம் காண்பதில்லை என்பதை மனத்தில் இருத்த வேண்டும். அதே மனிதரின் வேறொரு படத்தைக் கொடுத்தால் அதற்குத் தெரியாது. இதில் நான் மிகவும் மதிக்கும் வசதி, கிடைத்த முடிவுகளை மிகப் பழையது முதலில் வருமாறு அடுக்கித் தருவதாகும். நேற்று எடுத்ததாகச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு படம் பல ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் இருந்தது என்று தெரிந்தால், அதற்கு மேல் வாதம் தேவையில்லை. தேடுவதற்காக நாம் ஏற்றும் படங்களைச் சேமித்து வைப்பதில்லை என்று அந்நிறுவனம் உறுதி கூறுவதும் இத்தகைய பயன்பாட்டுக்குப் பொருத்தமானது. ஆனால் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சமூக வலைத்தளப் பக்கங்கள் அதன் கைக்கு எட்டுவதில்லை. திருடப்படும் படங்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதால் இந்தக் குறை சிறியதன்று.

அக்காவுக்கு வந்திருந்த படங்களில் மூன்றைத் தேடினேன். இரண்டுக்குப் பொருத்தம் எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது படம், வேறொரு பெயரும் வேறொரு தொழிலும் கொண்ட ஒருவரின் பழைய பக்கத்தில் இருந்தது. இத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிய நான், அந்தப் பக்கத்தை அக்காவிடம் காட்டி, இதைப் பற்றி அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த ஐந்து மாதங்களில் நான் செய்த பெரும் பிழை அதுதான். என் படங்களை யாரோ திருடிப் பயன்படுத்துகிறார்கள், நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி என்று அவர் உருக்கமாகப் பதில் எழுதினார்; அந்தப் பதிலுக்குப் பிறகு அக்காவின் நம்பிக்கை முன்பைவிடக் கூடியது. என் மீதோ சந்தேகம் வந்தது. கிடைத்த சான்றை மோசடிக்காரரிடம் காட்டுவது, எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று அவருக்கே சொல்லிக்கொடுப்பதாகும். அடுத்த வாரத்திலிருந்து வந்த படங்கள் எதற்குமே எந்தச் சேவையிலும் பொருத்தம் கிடைக்கவில்லை.

கூகுள் லென்ஸ் வேறு வகையில் உதவியது. 2017இல் அறிமுகமான இது இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் குரோம் உலாவியிலும் கையருகே இருக்கிறது என்பதால், புதிதாக எதையும் நிறுவத் தெரியாதவர்களும் பயன்படுத்த முடிகிறது. முகத்தைக் காட்டித் தேடினால் இதில் ஏமாற்றமே மிஞ்சும். அதே மாதிரிச் சட்டை விற்கும் கடைகளையும், அதே சாயலில் தாடி வைத்த பலரையும் அது கொண்டுவந்து கொட்டும். முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைத் தேட வேண்டும். கட்டடத்தின் முகப்பு, தெருப் பலகை, மலையின் விளிம்பு, அலுவலகச் சுவரில் இருக்கும் சின்னம் ஆகியவற்றை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தபோது, துறைமுகத்தில் இறங்கிய நாளில் எடுத்தது என்று சொல்லப்பட்ட படம் கடலே இல்லாத ஒரு நகரத்தின் சதுக்கத்தில் எடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. தேடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் உரையாடல் வரிகளையும் ஓரங்களையும் நீக்கிவிட வேண்டும். படத்தை இடவலமாகத் திருப்பியும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். தேடலுக்குத் தப்புவதற்காகவே படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அனுப்புவது பழைய தந்திரம். கூகுள் 2023இல் சேர்த்த, ஒரு படத்தின் வரலாற்றைக் காட்டும் பகுதியும் பயனுள்ளது. அந்தப் படத்தையோ அதை ஒத்த படத்தையோ கூகுள் முதன்முதலில் எப்போது கண்டது என்பதை அது சொல்கிறது.

பிம்ஐஸ் இவ்விரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபட்டது. போலந்தில் தோன்றிய இந்தச் சேவை முகத்தையே அளந்து, அதே முகம் தெரியும் வேறு படங்களைத் தேடித் தருகிறது. அவை எந்தப் பக்கத்தில் உள்ளன என்று அறியக் கட்டணம் செலுத்த வேண்டும். மோசடியைக் கண்டறியும் ஆற்றலில் இதுவே மூன்றிலும் வலிமை மிக்கது என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் இதை நான் பரிந்துரைக்கவில்லை. ஒருவர் தம்முடைய முகத்தைத் தாமே தேடிக்கொள்வதற்காக என்று சொல்லப்படும் இந்தச் சேவையில், வழியில் பார்த்த ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்து அவர் யார், எங்கே பணிபுரிகிறார் என்று ஒரு பின்தொடர்பவன் கண்டுபிடித்துவிட முடியும். அக்காவுக்கு வந்த படங்களில் இருந்தவர், தம் முகம் களவாடப்பட்டதைக்கூட அறியாத வேறொரு பாதிக்கப்பட்டவர். அவருடைய குடும்பப் படங்கள் வரை தோண்டி எடுப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தேடலை நான் செய்யவும் இல்லை.

இப்போது இந்தச் சேவைகள் அனைத்துக்கும் பொதுவான குறைக்கு வருகிறேன். பொருத்தம் கிடைத்தால் அந்தப் படம் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். பொருத்தம் கிடைக்காவிட்டால் எதையுமே சொல்ல இயலாது. ஆனால் தேடிப் பார்ப்பவர் மனம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, ஆகவே ஆள் மெய்யானவர்தான் என்று அது தனக்குத் தானே நற்சான்று வழங்கிக்கொள்கிறது. அக்கா அதைத்தான் செய்தார். உலகில் இல்லாத மனிதர்களின் முகங்களைத் துல்லியமாக வரைந்து தரும் கணினி நிரலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை என்விடியா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018 டிசம்பரிலேயே வெளியிட்டார்கள். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய முகத்தைக் காட்டும் இணையதளம் 2019 பிப்ரவரியில் வந்துவிட்டது. அத்தகைய முகத்துக்கு எந்தத் தேடலிலும் மூலம் கிடைக்காது. மூலம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

செயலிகளின் சரிபார்ப்புக் குறியையும் இதே கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். பம்பிள் 2016இலும் டிண்டர் 2020இலும் கொண்டுவந்த படச் சரிபார்ப்பு, செல்ஃபி எடுப்பவரின் முகமும் சுயவிவரப் பக்கத்தில் உள்ள முகமும் ஒன்றுதானா என்பதைச் சோதிக்கிறது. பெயர், வயது, வேலை, மணமானவரா இல்லையா ஆகிய எதையும் அது சோதிப்பதில்லை. மற்றவர் முகத்தைக் களவாடும் சில்லறை மோசடிக்காரரை அது தடுக்கும். தம்முடைய சொந்த முகத்தோடு ஏமாற்ற வருபவரை அது தடுக்காது. கட்டணம் பெற்றுக்கொண்டு பின்புலம் விசாரிக்கும் சேவையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மூன்று நாள் காத்திருந்த பிறகு எனக்கு வந்த அறிக்கையில், நானே இலவசமாகக் கண்டுபிடித்தவற்றைவிடக் குறைவாகவே இருந்தது; மாதச் சந்தாவை நிறுத்துவதற்கு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

அக்காவின் கண்ணைத் திறந்தது இவற்றில் எதுவுமே அன்று. ஒரு நாள் இரவு அவர் தமக்கு வந்த நீண்ட கடிதம் ஒன்றை எனக்குப் படித்துக் காட்டினார். தன் வாழ்க்கையில் விடியல் வந்துவிட்டதாக அதில் இருந்த ஓர் ஆங்கில வாக்கியம் இயல்பான பேச்சாக எனக்குப் படவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் இட்டுச் சாதாரணத் தேடுபொறியில் தேடினேன். மோசடியில் சிக்கியவர்கள் மற்றவர்களை எச்சரிப்பதற்காகப் பதிந்து வைத்திருந்த பக்கங்களில் அதே கடிதம், சொல் மாறாமல், வெவ்வேறு பெண்களின் பெயர்களோடு இருந்தது. இந்த முறை எதுவும் பேசாமல் கைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது எனக்குன்னு எழுதினதுன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். படம் திருடப்பட்டது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லிவிட முடிந்தது; தமக்கே தமக்கென்று எழுதப்பட்டதாக நம்பிய கடிதம் முன்பே பலருக்கும் போயிருந்ததற்கு எந்த விளக்கமும் இல்லை. எனவே, எந்தச் சேவை சிறந்தது என்று என்னைக் கேட்டால், எல்லோரிடமும் ஏற்கெனவே உள்ள தேடுபொறியில் சொற்களைத் தேடுவதையே முதலிடத்தில் வைப்பேன். இந்த மோசடி எழுத்தால் நடக்கும் மோசடி. எழுதுபவர்கள் ஒரே பிரதியைப் பலரிடமும் பயன்படுத்துகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதித் தரும் நிலை வந்துவிட்டதால் இந்த வழியும் மெல்ல அடைபடும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

பணமே கேட்காத வகை ஒன்றும் இருக்கிறது. அதில் படத்தேடல் ஏறக்குறைய பயனற்றது. பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்ற பொருள்படும் சீனப் பெயரால் அறியப்பட்ட இம்முறைக்கு, பாதிக்கப்பட்டவர்களை அந்தச் சொல் இழிவுபடுத்துகிறது என்பதால், காதல் தூண்டில் என்ற பொருள்தரும் பெயரைப் பயன்படுத்துமாறு இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. பழகுபவர் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார்; தாம் கிரிப்டோ முதலீட்டில் ஈட்டுவதை மட்டும் பேச்சுவாக்கில் சொல்லுவார். நீங்களாகக் கேட்கும்போது ஓர் இணையதளத்தைக் காட்டுவார். அதில் சிறு தொகை போட்டால் வளரும்; அதை எடுக்கவும் விடுவார்கள். பெருந்தொகை போட்ட பிறகு எடுக்க முயன்றால், முதலில் வரி கட்ட வேண்டும் என்பார்கள். திரையில் தெரியும் இலாபம் வெறும் எண்தான். இந்த மோசடியைத் தொழிலாகவே நடத்தும் கூடங்களில் வீடியோ அழைப்புக்கென்றே ஆட்களை வேலைக்கு வைத்திருப்பதால், முகம் பார்த்துப் பேசிவிட்டோம் என்ற நிறைவும் காப்பாற்றாது. தட்டச்சு செய்பவர்களிலும் பலர் வேலை என்று ஏமாற்றி அழைத்து வரப்பட்டு அடைத்து வைக்கப்பட்டவர்கள்: மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை.

வீடியோ அழைப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பேசும்போதே முகத்தை மாற்றிக் காட்டும் தொழில்நுட்பத்தைக் கொண்டு 4 கோடியே 60 லட்சம் டாலர் வரை காதல் மோசடி செய்ததாக ஹாங்காங் காவல்துறை 2024 அக்டோபரில் 27 பேரைக் கைது செய்தது. முகத்தின் குறுக்கே கையை மெல்ல அசைக்கச் சொல்வதும், தலையை முழுமையாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்வதும் சில நேரங்களில் போலியைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்தச் சோதனையில் தேறியவரையும் அதனாலேயே நம்பிவிடக் கூடாது. பலர் கூடும் பொது இடத்தில், வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போய் நேரில் சந்திக்காத எவருக்கும், எக்காரணத்துக்காகவும், கடனாகவோ முதலீடாகவோ பரிசு அட்டை எண்ணாகவோ எதையும் தருவதில்லை என்ற ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவரிடம் இத்தனை சேவைகளும் தோற்றாலும் பணம் போகாது. அந்த முடிவை மனம் தெளிவாக இருக்கும் நாளில் எடுக்க வேண்டும். மருத்துவமனையில் கிடக்கிறேன் என்ற செய்தி நள்ளிரவில் வரும்போது எடுக்க முடியாது. பழகுபவரைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்பதைப் பணம் கேட்பதற்கு நிகரான அறிகுறியாகவே நான் கருதுகிறேன். அக்காவிடம் அது மூன்றாவது வாரத்திலேயே கேட்கப்பட்டிருந்தது.

பணம் போன பிறகு உதவும் சேவைகள் குறைவு. முதல் அழைப்பு வங்கிக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் தொகை பல கணக்குகளைக் கடந்துவிடும். பரிசு அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால், அட்டையையும் ரசீதையும் வைத்துக்கொண்டு அதை வெளியிட்ட நிறுவனத்தை உடனே அழைக்க வேண்டும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாமல், எல்லாவற்றையும் படமெடுத்து வைத்த பிறகே அந்த எண்ணைத் தடை செய்து, காவல்துறையில் புகார் அளிக்க வேண்டும். அந்தரங்கப் படங்களை அனுப்பிவிட்டு மிரட்டலுக்கு ஆளானவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. டின்ஐ செய்வதைப் போலவே படத்திலிருந்து ஓர் எண் அடையாளத்தை உருவாக்குகிறது. ஆனால் அது நம் கைபேசியிலேயே நடக்கிறது. படம் வெளியே போவதில்லை, அடையாளம் மட்டுமே பங்கேற்கும் தளங்களுக்குப் போய், அங்கே அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவுகிறது. பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே உரியது இது. சிறுவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தனிச் சேவை 2023 முதல் இயங்குகிறது. பங்கேற்காத தளங்களில் இவை செல்லுபடியாகாது என்றாலும், மிரட்டலுக்கு அஞ்சிப் பணம் அனுப்பத் துணியும் ஒருவருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருப்பது பேருதவியாகும்.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி வருபவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. அக்கா புகார் அளித்த பத்தாவது நாளில், வழக்குரைஞர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், இழந்த தொகையைச் சரியாகக் குறிப்பிட்டு, முன்பணம் கேட்டு எழுதினார். அந்தத் தொகை அக்காவையும் என்னையும் காவல்துறையையும் தவிர மோசடிக்காரருக்கு மட்டுமே தெரியும்.

டின்ஐக்கும் கூகுளுக்கும் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. மனிதர் ஒருவரின் படத்துக்கு முடிவு எதுவும் கிடைக்காதபோது, இதனால் இவர் மெய்யானவர் என்று ஆகிவிடாது என்ற ஒரு வரியைத் திரையில் காட்டுங்கள். வெறுமையான அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் அக்கா இரண்டாவது முறை பணம் அனுப்பினார்.

சென்ற மாதம் அக்காவுக்குப் புதிதாக ஒருவர் நட்பு அழைப்பு அனுப்பியிருந்தார். அக்கா அந்தப் படத்தைத் தாமே வெட்டி, திருப்பி, இரண்டு சேவைகளிலும் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று என்னை அழைத்துச் சொன்னார். அப்படியானால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் கிடைக்கலைன்னா ஒண்ணும் தெரியலைன்னுதானே அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, அந்த அழைப்பை அவர் ஏற்காமலே விட்டுவிட்டார்.